வானம் படாத வழி

அப்பா ரங்கூனிலிருந்து திரும்பி வந்தபோது வாசல் வழியாக வரவில்லை. எங்கள் வளவின் பின்சுவர் முந்தின மழையில் சரிந்து, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக வந்தார். தலையில் ஒரு கோணிச் சாக்கை முக்காடாகப் போட்டிருந்தார். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து, "முன்பக்கமா போய்க் கேளுய்யா, இது பொம்பளைக பொழங்குத எடம்" என்று அதட்டினார்கள். அதட்டியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது பதினேழு வயது. அதட்டுவதில் வளவிலேயே எனக்குத்தான் முதல் இடம்.

அம்மாதான் அடையாளம் கண்டாள். சாம்பல் ஒட்டிய கையோடு எழுந்து நின்று அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவோடு அண்ணனும் ரங்கூனில்தான் இருந்தான்.

"பெரியவன் எங்க?" என்றாள்.

அப்பா சாக்கை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "பின்னால வாரான்" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அதற்கப்புறம் மாதக்கணக்கில் சோறு தின்றாள்.

அப்பா கொத்தனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இல்லாத ஒரு பஞ்ச காலத்தில் கப்பல் ஏறினார். அண்ணனுக்கு மீசை அரும்பியதும், இங்கே கிடந்து ஊர் சுற்றுவதற்கு அங்கே வந்து செங்கல்லாவது எடுத்துக் கொடுக்கட்டும் என்று அவனையும் அழைத்துப் போனார். சண்டை அந்தப் பக்கம் வந்துவிட்டது, கிறிஸ்துமஸுக்கு முந்தி ரங்கூனில் குண்டு போட்டுவிட்டான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. பிறகு, கோடைக்குப் பிறகு, காடும் மலையும் நடந்து தப்பியவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வரத் தொடங்கினார்கள். ரயிலடியிலும் வண்டிப்பேட்டையிலும் எலும்பும் தோலுமாக யாராவது இறங்கினால், அம்மா போய் அவர்களுக்கு முன்னால் நிற்பாள். "ரங்கூன்ல எந்தப் பக்கம் இருந்திய? கொத்து வேல செய்யுத பையன், நெத்தியில தழும்பு இருக்கும், பாத்தியளா?" என்று கேட்பாள். அப்பா வந்த பிறகும் இந்தக் கேள்வியை அவள் விடவில்லை. அப்பா பின்னால் வருகிறான் என்றாரே தவிர, எம்புட்டுப் பின்னால் என்று சொல்லவில்லையே.

அப்பாவிடம் கேட்டால் செத்த நேரத்தில் எழுந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்சுவர் ஓட்டை வழியாகப் போய்விடுவார். வாசல் பக்கம் கடைத்தெரு இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வளவின் நடு முற்றத்தைக்கூட அவர் குறுக்கே கடந்து நான் பார்த்ததில்லை. சுற்றிலும் ஓட்டுச் சாய்ப்பின் கீழே சுவரை ஒட்டியே வருவார்.

வளவு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஏழெட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் ஒரே கிணறு. கிணற்றுக்கு ஒரு சண்டை, துணி காயப்போடும் கொடிக்கு ஒரு சண்டை, வீட்டுக்கு வீடு வாசற்படி. எங்கள் அடுத்த வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். உறவில் அத்தை இல்லை, வளவுக்கே அத்தை. அவள் புருஷன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் செத்துப் போனவர். அப்பாவைப் பார்த்து முதலில் பேச்சை எடுத்தது அவள்தான்.

"ஏட்டி, ஒங்கப்பா சரியில்ல. கோட்டிக்காரன் மாதிரில்லா முடுக்கு முடுக்கா சுத்துதாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அம்மா நிதானமாகச் சொன்னாள்: "கோட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவிய மகனத் தேடுதாவ. அவிய வந்த மாதிரி அவனும் பின்பக்கமாத்தான வருவான்."

இப்படி ஒரு கணக்கு அம்மாவின் தலையில் எப்படி ஏறியது என்று தெரியவில்லை. ஏறியது இறங்கவில்லை. வாடகை வாங்குகிற வளவுக்காரர் வந்து, மாடு நுழைகிறது, நாய் நுழைகிறது, அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்றார். "நீரே கொத்தனாரு, நாலு செங்கல்ல வச்சுப் பூசிவிடும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா வாய் திறப்பதற்குள் அம்மா குறுக்கே போய் நின்றுகொண்டாள். "எம்மவன் வந்த பொறவு அடைச்சுக்கிடுங்க. அது வரைக்கும் ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன்." வளவுக்காரர் சத்தம் போட்டுப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அம்மாவின் வாய்க்கும் அன்று கிடையாது. அவர் போய்விட்டார். அப்பா செங்கல் அடுக்கிக் கிடந்த மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பாவின் பின்னால் போவது என் வேலையாயிற்று. காலையில் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அப்பா. எனக்குப் பொறுமை கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள், "வாங்கப்பா, தெரு வழியாப் போனா சட்டுனு வீடு வந்துரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். முடுக்குச் சந்து முடிந்து தெரு வெளுப்பாகத் தெரியும் இடம் வந்ததும் அவர் கை என் கைக்குள் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். இழுக்க இழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். நான் சின்னப் பிள்ளையில் ஊசி போட வந்தவரைப் பார்த்து அப்படித்தான் ஒட்டிக்கொண்டேன் என்று அம்மா சொல்வாள். பிறகு நான் இழுக்கவில்லை. அவர் போகிற வழியே போனேன்.

பதினேழு வருஷம் அந்த ஊரில் இருந்தும் எனக்கு ஊர் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைத்தெரு, ரதவீதி, கோயில், பள்ளிக்கூடம். பெண்பிள்ளை முடுக்கில் நடந்தால் பேச்சு வரும் என்று வளர்த்திருந்தார்கள். அப்பாவோ அந்த ஊரின் முதுகுப்பக்கம் முழுவதையும் கையால் தடவித் தெரிந்து வைத்திருந்தார். சின்ன வயதில் இங்கே கொத்து வேலை செய்தபோது எந்தச் சுவரை யார் கட்டினார்கள், எது எதோடு சேரும் என்பதெல்லாம் அவருக்குள் இருந்திருக்க வேண்டும்.

பின்சுவர் ஓட்டைக்கு வெளியே ஒரு முடுக்கு, அதைத் தாண்டியதும் ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கி. அதன் முதலாளி ஒரு பாய். மூட்டைகளுக்கு நடுவே ஒரு நடை விட்டிருப்பார்கள், அதில் போனால் அடுத்த முடுக்குக்குப் போகலாம். முதல் நாள் நான் அந்த நடையில் தும்மின தும்மலில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பாய் அப்பாவை ஒன்றும் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும் என்னிடம், "என் மச்சானும் அந்தக் கரையிலதாம்மா கட வச்சிருந்தாரு. இன்னும் தாக்கல் இல்ல. ஒங்கப்பா எப்ப வேணும்னாலும் இதுல போகட்டும்" என்றார். அப்பா வருகிற நேரம் பார்த்து நடையில் கிடக்கிற மூட்டையை ஒதுக்கச் சொல்லிவிடுவார்.

அதற்கு அப்புறம் வருவது மிகவும் ஒடுங்கிய முடுக்கு. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு சாய வேண்டும். இரண்டு பக்கத்து வீட்டு ஓடும் மேலே கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். அங்கேதான் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். முடுக்கின் கடைசியில் நெசவாளர்களின் நீளமான ஓலைக் கொட்டகை. உள்ளே பாவு நீட்டி வைத்திருப்பார்கள். நூலைத் தொடாமல் ஓரமாகப் போக வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். அதைத் தாண்டி ஒரு செக்குக் கொட்டில், அதைத் தாண்டித் தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டின் பின்கட்டு. அந்த வீட்டு அம்மாள் அப்பாவைக் கண்டால், "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு மோர் ஊற்றுவாள். அப்பா குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைப்பார். நன்றி என்று வாயால் சொல்ல மாட்டார்.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு முடுக்கில் எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பிறக்கும்போதே தெரியும். அப்பா அதற்குள்ளும் போனார். அதற்கும் மேலே ஓடு இருந்தது, அம்புட்டுத்தான் அவருக்கு வேண்டியது. ஒருவர் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "பைத்தியம்னா வீட்டுல கட்டிப் போடணும்" என்றார். நாங்கள் கடந்த பிறகு பின்னால் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. அடுத்த நாளும் அதே முடுக்கில்தான் போனார்.

இந்த வழியெல்லாம் கடைசியில் ரதவீதியில் போய் முட்டும். தேர் ஓடுகிற வீதி, அகலத்துக்குக் கேட்பானேன். ஒரு மரம் கிடையாது, ஒரு பந்தல் கிடையாது, மேலே வானம்தான். அதற்கு அந்தப் பக்கம்தான் எங்கள் மாதா கோயில். அப்பா முடுக்கு வாயில் வந்து, நிழல் முடிகிற கோட்டுக்கு உள்ளே நின்றுகொள்வார். பூசை மணி அடிக்கும். நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். ஊரே அண்ணாந்து பார்க்கிற கோபுரம் பக்கத்தில் நிற்கும். அவர் தலையைத் தூக்கியதே இல்லை, அதன் நிழல் வீதியில் நகர்வதை மட்டும் பார்ப்பார். மணி ஓய்ந்ததும் வந்த வழியே திரும்புவார். கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிறு பூசை விடாத மனிதர் அவர். எனக்கு அழுகையாக வரும். ஒரு வீதியைக் கடக்கிற தூரம்தானே என்று ஆத்திரமாகவும் வரும்.

அவர் எதற்கு இப்படி ஆனார் என்பது எனக்கு ராஜபாளையத்தில் தெரிந்தது.

அங்கே அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஒரு பஞ்சு மில்லில் மிஸ்திரியாக இருந்தார். மில்லில் காவல் வேலை வாங்கித் தருகிறேன், ஒரு வேலையில் உட்கார்ந்தால் அண்ணன் தெளிந்துவிடுவார் என்று கூண்டு வண்டி அனுப்பினார். கூண்டு வண்டிக்கு மேலே மூடி இருக்கிறதே, அப்பா மறுக்காமல் ஏறினார். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் வைக்கோலில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். ஊர் திரும்பிய பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மில் வாசலில் ஒரு தகரக் கொட்டகையில் எங்களை உட்கார வைத்துவிட்டு, சித்தப்பா உள்ளே பேசப் போனார். ஷிப்டு மாறுகிற நேரம். மில் சங்கு ஊதியது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அந்தச் சங்குதான் கடிகாரம். அது ஊதினால் உலை வைப்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். எனக்கும் அது புதுசு இல்லை. அப்பாவுக்கு மட்டும் அது வேறு சங்கு. அது அடிவயிற்றிலிருந்து எழும்பி ஏறி ஏறிப் போனபோது அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் செத்துப் போயிருந்தது. எதிரே திறந்த மைதானத்தில் வேலை முடிந்த ஆட்கள் தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது, சோம்பல் முறித்துக்கொண்டு முகத்தை அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

அப்பா கொட்டகையை விட்டு ஓடினார். வந்ததிலிருந்து வெயிலில் ஒரு அடி வைக்காதவர், மைதானத்தின் நடுவே ஓடி, அந்தப் பையனைக் கீழே தள்ளி, அவன் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். "மேல பாக்காதலே, மேல பாக்காதலே ராசா" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சிலர் சிரித்தார்கள். சங்கு நின்ற பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் அவரைத் தூக்க வந்தார்கள். கீழே கிடந்த பையன் அவர்களை வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவன் யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்க வேண்டும். அப்பாவின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "இல்லைய்யா, பாக்கல. நான் மேல பாக்கல" என்று சொல்லிக்கொண்டு அவருக்கு அடியிலேயே கிடந்தான்.

வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரும்போது கூண்டு வண்டிக்குள் நான் கேட்டேன். "அண்ணன் மேல பாத்தானாப்பா?"

அப்பா வண்டியின் மூங்கில் விளாரைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப தூரம் போன பிறகு சொன்னார். "எல்லாரும் தெருவுல வந்து நின்னு பாத்தாவ. ஏரோப்ளான் வெள்ளையா அழகா இருக்குன்னு. உள்ள வாலேன்னேன். செத்த இருங்கப்பான்னான்."

மம்சாபுரம் பக்கம் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அண்ணன் செத்துப் போனான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது. அவன் எனக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன பர்மாக் குடை நினைவுக்கு வந்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன்.

"ஒங்கம்மைகிட்ட..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்கதான் சொல்லணும்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். பின்னால் வருகிறான் என்று சொன்ன வாய்தான் அதைத் திருப்பியும் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அவர் சொல்லவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அம்மா மகனுக்காகக் கருவாடு எடுத்து வைத்தாள். அவன் நடந்து வந்த காலுக்குத் தடவ வேண்டும் என்று வேப்பெண்ணெய் வாங்கி வைத்தாள். பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பித்தை நேரில் பார்க்கிறவர்கள் கதி என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அம்மா பாட்டுக்குப் பேசுவாள். நான் ஆமாம் போடுவேன். அப்பா சாக்கை எடுத்துக்கொண்டு ஓட்டையில் நுழைந்துவிடுவார்.

ஐப்பசியில் செட்டியார்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் கப்பல் ஏறும் முன்பே அவர் மகளை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். மழைக்கு நனைந்த வேட்டியைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தார். பெண்ணுக்கு வேறு ஒரு இடம் வந்திருக்கிறது, நல்ல இடம், ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறது, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு பண்ண மாட்டேன் என்றார்.

"காத்திருக்கச் சொன்னா காத்திருக்கோம் மயினி. அவளும் அதத்தான் சொல்லுதா" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "தை வரைக்கும் பொறுங்க. அவன் வந்துருவான். அவிய கண்ணால பாத்துட்டு வந்திருக்காவ, பின்னாலயே வாரான்."

அவர் சரி என்று எழுந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சாய்ப்பின் கீழே உட்கார்ந்திருந்த அப்பா, அந்த மனிதர் முற்றத்தின் நடுவே மழையில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பெண், உயிரோடு இல்லாத ஒருவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கப் போகிறாள், அதுவும் எங்கள் வீட்டுச் சொல்லுக்காக. அன்று அப்பா முடுக்குக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை.

அடுத்து வந்தது கல்லறைத் திருநாள். ஆத்துமாக்களுக்காக எங்கள் ஆட்கள் எல்லாரும் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அது ஊருக்கு வெளியே, வயலும் பொட்டலும் தாண்டி இருந்தது. அவரவர் செத்தவர்களின் கல்லறையைக் கூட்டி, பூப்போட்டு, மெழுகுதிரி ஏற்றி வைப்போம். சுவாமியார் வந்து மந்திரிப்பார். அந்த மண்ணில் கல்லறை இல்லாதவர்களுக்கு, கடலிலோ வேறு சீமையிலோ செத்துப் போனவர்களுக்கு, தோட்டத்தின் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். அடுத்த வீட்டு அத்தை வருஷா வருஷம் இலங்கையில் செத்த புருஷனுக்கு அங்கேதான் ஏற்றுவாள். அந்த வருஷம் அந்தச் சிலுவையடியில் கூட்டம் தாங்கவில்லை. பர்மாவில் ஆளை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எல்லாம் அங்கே நின்றன. அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. "அங்கிட்டுப் போகாத" என்று என்னையும் தடுத்தாள். தன் பெற்றோரின் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து, காற்றில் அணையும் திரியைத் திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டிருந்தாள். காற்றில் பாழானால் இருக்கட்டும் என்று ஒரு மெழுகுதிரி எப்போதும் அதிகமாகக் கொண்டுவருவாள். அது மடியில் இருந்தது.

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு முடுக்கு வழி கிடையாது. ஊர் முடிந்ததும் வெறும் வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் ஒரு பனைமரம்கூட இல்லை.

அந்தப் பாதையில் அவர் வந்தார். சாக்கைத் தலையில் போட்டிருந்தார், ஆனால் நடு வழியில் நடந்து வந்தார். முதலில் பார்த்தது அத்தை. "ஏட்டி, ஒங்கப்பா" என்றாள். அவர் கல்லறைகளுக்கு நடுவே வந்தார். எங்களுக்கு நேரே வந்து, அம்மாவின் முன்னால் நின்று, கையை நீட்டினார்.

"ஒரு திரி குடு" என்றார்.

அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் ஏத்தியாச்சே. யாருக்கு?"

அப்பா நீட்டிய கையை எடுக்கவில்லை. திரும்பிப் பெரிய சிலுவையைப் பார்த்தார்.

அம்மா மடியில் இருந்த மெழுகுதிரியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பிடுங்க வருகிறவனிடமிருந்து ஒளிக்கிற மாதிரி வயிற்றோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். "பின்னால வாரான்னு சொன்னியளே" என்றாள். "நீங்கதான சொன்னிய? வாரான்னு சொன்னியளே?"

"சொன்னேன்" என்றார் அப்பா. "வந்து ஒன் மூஞ்சியப் பாத்தேன். வேற சொல்ல வரல."

சுற்றி நின்றவர்கள் செபத்தை நிறுத்திவிட்டார்கள். அம்மா ஓவென்று அலறுவாள் என்று நினைத்து நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் அலறவில்லை. அப்பாவிடம் திரியைக் கொடுக்கவும் இல்லை. தரையில் கை ஊன்றி எழுந்து, தானே பெரிய சிலுவையடிக்கு நடந்து போனாள். கூட்டம் வழி விட்டது. மண்ணில் உட்கார்ந்து, அத்தை ஏற்றிய திரியிலிருந்து நெருப்பை எடுத்துத் தன் திரியைக் கொளுத்தினாள். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை நின்று எரிந்தது. அப்போது தூறல் போட்டது. அப்பா தலையிலிருந்த சாக்கை எடுத்து, அம்மாவுக்கும் அந்தத் திரிக்கும் மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வெறுந்தலையில் மழை விழுந்தது. அதன் பிறகுதான் அம்மா அழுதாள். நானும் போய் அவளோடு விழுந்து அழுதேன்.

மறுநாள் சித்தப்பா போய்ச் செட்டியார்பட்டியில் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் ஆயிற்று. நாங்கள் போகவில்லை. துக்க வீட்டுக்காரர்கள் போகக் கூடாது என்பது ஒன்று, அம்மாவால் பார்த்திருக்க முடியாது என்பது ஒன்று.

கருமாதிப் பூசை முடிந்த அன்று, வளவே அவரவர் வேலைக்குப் போன பிறகு, அம்மா கிணற்றடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். "அந்த ஓட்டைய அடைச்சிருங்க" என்றாள்.

அப்பா கொத்துக்கரண்டியையும் மட்டக்கம்பையும் எடுத்தார். ரங்கூனிலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தக் கரண்டி ஒன்றுதான். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் செய்ய வேண்டிய வேலை. அம்மா சுண்ணாம்புக் காரைக்குத் தண்ணீர் ஊற்றினாள். வெயில் சுள்ளென்று அடித்தது, அப்பா சாக்கைத் தேடவில்லை. வரிசை வரிசையாகச் செங்கல் ஏறியது. முதலில் முடுக்கின் தரை மறைந்தது, பிறகு கிட்டங்கிச் சுவர் மறைந்தது. கடைசியில் ஒரு செங்கல் இடம் மட்டும் பாக்கி இருந்தது.

"செத்த இருங்க" என்றாள் அம்மா.

குனிந்து, அந்த இடைவெளியில் முகத்தை வைத்து, முடுக்கு நெடுகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா காரை பூசிய செங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், வைங்க" என்று நகர்ந்துகொண்டாள்.